பதினொரு பொருள், ஒரு பக்கம்: பூட்ஸ்ட்ராப் டெம்ப்ளேட்டைத் தமிழுக்கு வெட்டித் தைத்த பதிவு

வேலை இதுதான். கிளிநொச்சிப் பக்கத்து மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமொன்றுக்கு ஒரு பக்கத் தளம். பொருட்கள் பதினொன்று: மிளகாய்த்தூள், கறித்தூள், சிவப்பரிசிமா, குரக்கன் மா, ஒடியல் மா, உளுத்தம்மா, முருங்கையிலைத் தூள், எள்ளுப்பாகு, பனங்கட்டி, ஊறுகாய், தேன். படமும் விலையும் தெரிய வேண்டும், பட்டனைத் தட்டினால் வட்ஸ்அப்பில் ஓடர் போக வேண்டும், கொழும்பில் இருக்கிற மருமகளுக்கும் ரொறன்ரோவில் இருக்கிற மச்சாளுக்கும் இணைப்பை அனுப்பக்கூடியதாக இருக்க வேண்டும். லொகின், காசு கட்டும் வசதி, வலைப்பதிவு ஒன்றும் வேண்டாம்.

இந்த அளவுக்கு வேர்ட்பிரஸ் கூடிப்போச்சு. அதற்கு டேட்டாபேஸ் வேண்டும், மாதாமாதம் அப்டேட் வேண்டும், அதைப் பார்க்க ஆள் வேண்டும். ஆறு மாதம் ஒருவரும் தொடாமல் விட்டாலும் பழுதாகாமல் கிடக்க வேண்டிய தளத்துக்கு வெறும் எச்டிஎம்எல் கோப்பும் பூட்ஸ்ட்ராப்பும் (பக்க அமைப்பு, மெனு, பட்டன் போன்றவற்றை ஆயத்தமாகத் தரும் இலவசத் தொகுப்பு) போதும். முதலாம் நாள் வெட்டுவதற்கு, இரண்டாம் நாள் தமிழை இருத்துவதற்கு என்று கணக்குப் போட்டால் சரியாக வரும். இரண்டாம் நாள்தான் இறுக்கமானது. வெளியில் கிடைக்கிற டெம்ப்ளேட்டுகள் (ஆயத்த மாதிரிப் பக்கங்கள்) அநேகமாக எல்லாமே ஆங்கிலச் சொல்லின் நீளத்துக்கும் உயரத்துக்கும் அளவெடுத்துத் தைத்தவை. தமிழுக்குப் போட்டால் தோளில் பிடிக்கும், கையில் தொங்கும்.

ஒரு முற்குறிப்பு: கீழே கிளாஸ் பெயர்களை (பக்கத்தின் பகுதிகளுக்குத் தோற்றம் கொடுக்கும் குறிச்சொற்கள்) தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறது. கோப்பில் ஆங்கிலச் சிறிய எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள்

பூட்ஸ்ட்ராப் ட்விட்டரில் வேலை செய்த மார்க் ஒட்டோவும் ஜேக்கப் தோர்ன்டனும் எழுதி, 2011 ஓகஸ்ட்டில் திறந்த மூலமாக விடப்பட்டது. 3ஆம் பதிப்பு 2013இல், 4 ஆனது 2018இல், 5 ஆனது 2021 மே மாதத்தில் வந்தன. இந்த வரலாறு நமக்கு எதற்கு என்றால், இலவசமாகக் கிடைக்கும் டெம்ப்ளேட்டுகள் இந்த மூன்று பதிப்பிலும் கலந்து கிடக்கின்றன. ஒன்றில் இருந்து மெனுவையும் இன்னொன்றில் இருந்து கார்டையும் (படமும் எழுத்தும் கொண்ட பெட்டி) வெட்டி ஒட்டினால் படம் வரும், ஆனால் வேலை செய்யாது.

அடையாளம் காண்பது சுலபம். கோப்பைத் திறந்து தேடுங்கள். ‘பனெல்’ என்ற கிளாஸ் இருந்தால் 3. மெனு பட்டனில் ‘டேட்டா-டொகிள்’ என்று இருந்தால் 4 அல்லது அதற்கு முந்தியது. ‘டேட்டா-பிஎஸ்-டொகிள்’ என்றால் 5. இடைவெளிக்கு ‘எம்எல்’, ‘எம்ஆர்’ என்று வந்தால் 4. 5இல் அவை ‘எம்எஸ்’, ‘எம்இ’ ஆகிவிட்டன. போனில் மூன்று கோட்டு மெனுவைத் தட்டியும் திறக்கவில்லை என்று வருகிற முறைப்பாட்டுக்கு ஒரு காரணம் இந்த ‘பிஎஸ்’ இரண்டெழுத்து இல்லாதது. இன்னொரு காரணம்: ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு இரண்டு தரம் இணைக்கப்பட்டிருக்கும். ஒன்று மெனுவைத் திறக்கும், மற்றது அந்த நொடியே மூடும். பார்க்கிறவருக்கு ஒன்றும் நடக்காதது போல இருக்கும்.

இந்த வேலைக்கு எடுத்தது ஸ்டார்ட் பூட்ஸ்ட்ராப் தொகுப்பில் உள்ள ஏஜென்சி டெம்ப்ளேட். எம்ஐடி உரிமம், மாற்றலாம், வணிகத்துக்கும் பாவிக்கலாம், உரிமக் குறிப்பை மட்டும் கோப்பில் விட்டுவைக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: இதன் ஸ்டைல்ஸ் கோப்புக்குள்ளேயே பூட்ஸ்ட்ராப் முழுவதும் சேர்ந்திருக்கிறது. தெரியாமல் பூட்ஸ்ட்ராப் சிஎஸ்எஸ்ஸைத் தனியாக இன்னொரு தரம் பின்னால் இணைத்தால் டெம்ப்ளேட்டின் நிறமெல்லாம் பழைய நீலத்துக்குத் திரும்பும். அந்தக் கோப்பைத் தொடாமல் விட்டு, அதற்குப் பின்னால் ‘தமிழ்’ என்று நமது சொந்தக் கோப்பொன்றை இணைப்பதே நல்லது. மாற்றம் எல்லாம் அதற்குள். எங்கே பிழைத்தது என்று தேட ஒரே இடம்.

ஜாவாஸ்கிரிப்ட்டை சிடிஎன்னில் (கோப்புகளை இணையம் வழியாக நேரே தரும் சர்வர்கள்) இருந்து எடுக்காமல் பண்டில் கோப்பை இறக்கி ஃபோல்டருக்குள் போட்டுக்கொள்ளுங்கள். பூட்ஸ்ட்ராப் துணைக்குக் கேட்கும் பொப்பர் என்ற ஸ்கிரிப்ட்டும் அதற்குள்ளேயே இருக்கிறது. இணைப்பு இல்லாத நேரமும் லப்டொப்பில் வேலை ஓடும் என்பது ஒன்று. மற்றது, சிடிஎன் வரியில் ‘இன்டெக்ரிட்டி’ என்று நீண்ட குறியீடு இருக்கும். பதிப்பு எண்ணை மட்டும் மாற்றிவிட்டு அதை அப்படியே விட்டால் பிரவுசர் கோப்பை ஏற்காது.

வெட்டு

தமிழில் ஒரு சொல் போட முன்னம் வெட்டி முடிக்க வேண்டும். ஏஜென்சியில் சேவைகள், போர்ட்ஃபோலியோ, காலவரிசை, குழு, வாடிக்கையாளர் லோகோ, தொடர்புப் படிவம் என்று வரிசையாக இருக்கிறது. சேவைகளின் மூன்று நிரல் ஓடர் செய்யும் முறைக்குப் பொருந்தும்: தெரிவு, வட்ஸ்அப், பார்சல். போர்ட்ஃபோலியோ பொருள் அடுக்காகும். மீதி எல்லாம் போகட்டும். போர்ட்ஃபோலியோ படத்தைத் தட்டினால் திறக்கும் ஆறு மோடல் பெட்டிகளும் கோப்பின் அடியில் தனியாகக் கிடக்கும். அவற்றை மறந்துவிடுவார்கள், கண்ணுக்குத் தெரியாமல் படத்தை இழுத்துக்கொண்டிருக்கும்.

வெட்டும்போது வருகிற பெரிய விபத்து டிவ் (பக்கத்தைப் பெட்டிகளாகப் பிரிக்கும் குறி) மூடல் தவறுவது. விஎஸ் கோடில் செக்ஷன் தொடங்கும் வரிக்குப் பக்கத்து அம்புக்குறியால் முழுவதையும் மடித்து, மடித்த ஒற்றை வரியை அழியுங்கள். கண்ணால் தேடி அழித்தால் ஒரு மூடல் மிஞ்சும், பக்கத்தின் அடிப்பட்டை திடீரென்று அரைப்பக்கத்துக்குச் சுருங்கும்.

ஐகனுக்காக ஃபொன்ட் ஓசம் முழுவதையும் ஜாவாஸ்கிரிப்ட்டாக இழுக்கும் வரியையும் எடுங்கள். சுருக்காத நிலையில் அது ஒரு மெகாபைட்டைத் தாண்டும், நமக்குத் தேவை மூன்று ஐகன். பூட்ஸ்ட்ராப் ஐகன்ஸ் தளத்தில் அந்த மூன்றின் எஸ்விஜி வரிகளை எடுத்து நேராகப் பக்கத்தில் ஒட்டினால் காரியம் முடிந்தது. கூகுள் ஃபொன்ட்ஸ் வரிகளும் போகலாம், காரணம் கீழே.

வேறு டெம்ப்ளேட் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உருட்டும்போது மெதுவாகத் தோன்றும் அசைவு வைத்தவை பலவற்றில் எழுத்தும் படமும் தொடக்கத்தில் மறைத்தே வைக்கப்பட்டிருக்கும், ஸ்கிரிப்ட் வந்து சேர்ந்த பிறகுதான் காட்டும். சிக்னல் ஒரு கோட்டில் நிற்கிற இடத்தில் அந்த ஸ்கிரிப்ட் வராவிட்டால் வெள்ளைப் பக்கம்தான். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே இருந்து திறந்து பார்ப்பவர் தளம் வேலை செய்யவில்லை என்று மூடிவிடுவார்.

தமிழை இருத்துவது

மெனுவில் இருந்து தொடங்குங்கள், முதலில் உடைவது அதுதான். ‘பொருட்கள்’, ‘விலைப்பட்டியல்’, ‘ஓடர் செய்வது எப்படி’, ‘எங்களைப் பற்றி’, ‘தொடர்புகளுக்கு’ என்று ஐந்தை எழுதினோம் என்றால், 992 பிக்சலில் கண்டெய்னரின் (உள்ளடக்கத்தை அடக்கும் வெளிப்பெட்டி) அகலம் 960. அதற்குள் சங்கத்தின் பெயரும் இந்த ஐந்தும் அடங்காது. இரண்டாவது வரிக்கு மடிந்து, தலைப்புப் படத்தின் மேல் ஏறி நிற்கும். பெரிய திரையில் வடிவாக இருக்கும், 360 பிக்சல் போனிலும் மூன்று கோட்டுக்குள் ஒளிந்திருக்கும். டெப்லெட்டிலும் பழைய லப்டொப்பிலும்தான் இந்த அலங்கோலம் தெரியும் என்பதால் செய்தவர் கண்ணில் படாது.

இரண்டு மருந்து உண்டு. ‘நவ்பார்-எக்ஸ்பாண்ட்-எல்ஜி’யை ‘எக்ஸ்எல்’ ஆக்கினால் 1200 வரைக்கும் மூன்று கோட்டு மெனுவே இருக்கும். மற்றது சொல்லைக் குறைப்பது: பொருட்கள், விலை, ஓடர், நாங்கள், தொடர்பு. இரண்டாவதை முதலில் செய்யுங்கள். கடைப் பலகையில் யாரும் ‘எங்களைப் பற்றி’ என்று எழுதுவதில்லை.

மெனுவில் உள்ள ‘டெக்ஸ்ட்-அப்பர்கேஸ்’ தமிழுக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் பக்கத்தில் ஒரு ஆங்கிலச் சொல் வந்தால் அது மட்டும் கத்தும். எடுத்துவிடுங்கள். ‘லெட்டர்-ஸ்பேசிங்’ அதைவிட மோசம். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அழகாக இருக்கிற அந்த இடைவெளி தமிழில் எழுத்துகளைச் சாக்குக் கிழிந்து சிந்தின நெல் மாதிரிப் பரப்பிவிடும். நமது கோப்பில் எல்லாத் தலைப்புக்கும் பட்டனுக்கும் அதைச் சுழியமாக்கி ஒரு வரி.

அடுத்தது வரி உயரம். பூட்ஸ்ட்ராப்பில் உடலுக்கு 1.5, தலைப்புகளுக்கு 1.2. தமிழில் மேலே ‘கீ’யின் சுழியும் புள்ளியும், கீழே ‘கு’, ‘மூ’ போன்றவற்றின் வாலும் நீள்கின்றன. 1.2இல் இரண்டு வரித் தலைப்பொன்று வந்தால் மேல்வரியின் வால் கீழ்வரியின் புள்ளியில் இடிக்கும். உடலுக்கு 1.7, தலைப்புக்கு 1.4 என்று வைத்தால் மூச்சு விடும். உடலுக்கு ‘பிஎஸ்-பொடி-லைன்-ஹைட்’ மாறியை மாற்றினால் போதும். தலைப்புகளுக்கு எச்1 முதல் எச்6 வரை நேரடியாக எழுத வேண்டும், அவை அந்த மாறியைக் கேட்பதில்லை.

தலைப்பின் அளவு. மேல்பட்டைத் தலைப்பை 4 ரெம்முக்கு (ஒரு ரெம் வழக்கமாக 16 பிக்சல்) மேல் வைக்கிற டெம்ப்ளேட்டுகள் அதிகம். 64 பிக்சலில் ‘உற்பத்திப்பொருட்கள்’ என்ற ஒரு சொல் 360 பிக்சல் திரைக்கு வெளியே போகும். இடைவெளி இல்லாத சொல் என்பதால் உடையவும் உடையாது. கிளாம்ப் என்ற சிஎஸ்எஸ் கணக்கைப் பாவியுங்கள்: கீழ் எல்லை 1.6 ரெம், நடுவில் திரை அகலத்தில் 5 வீதம், மேல் எல்லை 2.6 ரெம். 360 பிக்சல் போனில் 5 வீதம் என்பது 18 பிக்சல்தான், ஆகவே கீழ் எல்லையான 25.6க்கு நிற்கும், 1200இல் 60 வரும், மேல் எல்லையான 41.6இல் தடுக்கப்படும். அதோடு உடல் முழுவதற்கும் ‘ஓவர்ஃப்ளோ-ராப்: பிரேக்-வேர்ட்’ போட்டுவைத்தால் ஏதாவது ஒரு நீளச்சொல் தப்பி வந்தாலும் பக்கத்தைக் கிழிக்காது.

எழுத்துரு. டெம்ப்ளேட் மொன்செராட் கேட்கிறது. அதில் தமிழ் இல்லை. பிரவுசர் தமிழை வேறு எழுத்துருவில் இருந்தும், ‘ரூபா 450’இன் எண்ணை மொன்செராட்டில் இருந்தும் எடுக்கும்; இரண்டின் தடிப்பும் ஒத்துவராது. அன்ட்ரொய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ் ஏற்கெனவே இருக்கிறது. விண்டோஸ் 8இல் இருந்து நிர்மலா யூஐ இருக்கிறது, அதற்கு முந்தியதில் லதா. ஆப்பிளில் தமிழ் சங்கம் எம்என். இந்த நாலையும் வரிசையாக எழுதி ‘சான்ஸ்-செரிஃப்’ என்று முடித்தால் இறக்கவேண்டிய எழுத்துரு சுழியம். வடிவான எழுத்து வேண்டும் என்று அடம்பிடித்தால் தலைப்புக்கு மட்டும் ஒன்றை, ஒரே தடிப்பில், இறக்கலாம். 800, 900 என்ற தடிப்புகளை 700ஆகக் குறையுங்கள். அந்தத் தடிப்பு இல்லாத எழுத்துருவில் பிரவுசர் தானாக மை பூசித் தடிப்பாக்கும், ‘ணி’யும் ‘ஞ’வும் குழி அடைந்த கட்டியாகிவிடும்.

கோப்பின் தலையில் மொழிக்குறி ‘என்’ என்றிருப்பதை ‘டிஏ’ ஆக்க மறக்க வேண்டாம்.  வாசித்துக் காட்டும் மென்பொருள்கள் சரியான குரலை எடுக்கும்.

பாமினியில் வந்த விலைப்பட்டியல்

சங்கங்களிடம் இருந்து வருகிற வேர்ட் கோப்பு பெரும்பாலும் பாமினி என்ற, யுனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் அடித்ததுதான். வேர்டில் தமிழாகத் தெரியும். பக்கத்தில் ஒட்டியதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக விழும். எழுத்துரு மாறினதால் வந்த காட்சிப் பிழை இல்லை இது. பாமினியில் புள்ளி என்பதே அரைப்புள்ளிச் சாவிதான், கோப்புக்குள் உண்மையாகவே ஆங்கில எழுத்துகள்தான் இருக்கின்றன. பாமினி எழுத்துருவைத் தளத்தில் ஏற்றிச் சமாளிக்கலாம் என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். செய்யாதீர்கள். கூகுளில் ஒருவரும் ‘ஒடியல் மா’ என்று தேடி இந்தப் பக்கத்துக்கு வர முடியாது.

யுனிகோட் மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றும்போது முழுப்பந்தியையும் ஒரேயடியாகப் போட்டால், நடுவில் உண்மையான ஆங்கிலத்தில் அடித்ததும் தமிழாக மாறும். பாமினியில் ‘கே’ சாவி ‘ம’, ‘ஜி’ சாவி ‘ப’. ஆகவே கிலோவுக்கு ஆங்கிலத்தில் இரண்டெழுத்துப் போட்டிருந்தால் ‘1 மப மிளகாய்த்தூள்’ என்று வெளிவரும், 250 கிராம் ‘250ப’ ஆகும். மின்னஞ்சல் முகவரி அடையாளமே தெரியாமல் போகும். வேர்டிலேயே எழுத்துருவின்படி தேடி, ஆங்கில எழுத்துருவில் உள்ள பகுதிகளை முதலில் வேறாக எடுத்துவையுங்கள்.

மாற்றின பிறகு கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பிழைகள் சில தங்கும். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’, ‘ஔ’வுக்குப் பதிலாக ‘ஒ’வும் ‘ள’வும். பிரவுசரில் கன்ட்ரோல் எஃப் அழுத்தி ‘மா’ என்று தேடிப் பாருங்கள். நாலு மாவிலும் நிற்க வேண்டும். ஒன்றைத் தாண்டிப் போனால் அதில் ‘மர’ கிடக்கிறது.

பக்கவாட்டில் ஆடும் பக்கம்

போனில் விரலை வைத்து இடப்பக்கம் இழுத்தால் பக்கம் கொஞ்சம் நகர்ந்து வலது ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரிகிறதா? கணக்கு இப்படி. பூட்ஸ்ட்ராப்பில் கண்டெய்னருக்கு இரண்டு பக்கமும் 12 பிக்சல் உள்ளிடைவெளி. அதற்குள் வரும் வரிசைப் பெட்டியான ரோவுக்கு இரண்டு பக்கமும் கழித்தல் 12. ஒன்றை ஒன்று ஈடு செய்யும். ரோவைக் கண்டெய்னருக்கு வெளியே வைத்தால் ஈடு செய்ய ஒன்றும் இல்லை, 12 பிக்சல் வெளியே தள்ளும். இது எல்லோருக்கும் தெரிந்தது.

தெரியாமல் மாட்டுவது ‘ஜி-5’. டெம்ப்ளேட் செய்தவர் கார்டுகளுக்கு இடையில் தாராளமாக இடம் விட அதைப் போட்டிருப்பார். 5 என்றால் 3 ரெம், 48 பிக்சல். ரோ அதில் பாதியை, 24ஐ, இரண்டு பக்கமும் வெளியே நீட்டும். கண்டெய்னர் தாங்குவது 12. மிச்சம் 12 திரைக்கு வெளியே. பெரிய திரையில் கண்டெய்னருக்கு வெளியே வெறும் இடம் இருப்பதால் தெரியாது. கண்டெய்னருக்கு ‘பிஎக்ஸ்-4’ கொடுங்கள், அது 24, கணக்குத் தீர்ந்தது. அல்லது போனுக்கு ‘ஜி-3’, பெரிய திரைக்கு ‘ஜி-எல்ஜி-5’. போனில் 48 பிக்சல் இடைவெளி எப்படியும் வீண், ஆகவே இரண்டாவதே மேல்.

எந்தப் பெட்டி நீட்டுகிறது என்று தெரியாவிட்டால் நட்சத்திரக்குறி தெரிவில் எல்லாவற்றுக்கும் ஒரு பிக்சல் சிவப்பு அவுட்லைன் போடுங்கள். போர்டர் போட வேண்டாம், அது அளவையே மாற்றிவிடும். கண்டுபிடித்ததும் அந்த வரியை எடுக்க மறவாதீர்கள்.

பொருள் அடுக்கு

பதினொரு கார்ட். ரோவுக்கு ‘ரோ-கொல்ஸ்-2’, ‘ரோ-கொல்ஸ்-எம்டி-3’, ‘ரோ-கொல்ஸ்-எல்ஜி-4’. போனில் இரண்டு, டெப்லெட்டில் மூன்று, லப்டொப்பில் நாலு. கார்டுக்கு ‘எச்-100’ கொடுத்தால் ஒரு வரிசையில் எல்லாம் ஒரே உயரம். அது மட்டும் போதாது: ‘தேன்’ ஒரு வரி, ‘முருங்கையிலைத் தூள்’ போனில் இரண்டு வரி, ஆகவே பட்டன்கள் ஏறி இறங்கி நிற்கும். கார்ட் உடலுக்கு ‘டி-ஃபிளெக்ஸ்’, ‘ஃபிளெக்ஸ்-கொலம்’, பட்டனுக்கு ‘எம்டி-ஓட்டோ’ (மேலே உள்ள எம்டி இல்லை, மார்ஜின்-டொப் என்பதன் முதலெழுத்துகள்). எல்லாப் பட்டனும் அடியில் போய் நேர்கோட்டில் இருக்கும். பட்டனில் ‘வட்ஸ்அப்பில் ஓடர் செய்ய’ என்று எழுதாமல் ‘ஓடர்’ என்று மட்டும் எழுதுங்கள்.

நிறத்தில் ஒரு கண்ணி. டெம்ப்ளேட்டின் மஞ்சளை மிளகாய்ச் சிவப்பாக்கலாம் என்று ‘பிஎஸ்-பிரைமரி’ மாறியை மாற்றினால் பட்டன் மாறாது. பட்டனின் நிறம் அந்தக் கிளாஸுக்குள்ளேயே தனி மாறிகளில் பதிந்திருக்கிறது. ‘பிடிஎன்-பிரைமரி’க்குள் ‘பிஎஸ்-பிடிஎன்-பிஜி’, அதன் போர்டர், ஹோவர், அக்டிவ் என்று வேறாக எழுத வேண்டும். எழுத்தின் நிறத்தையும் வெள்ளையாக்குங்கள். பின்னணிக்குப் பாவிக்கும் ‘பிஜி-பிரைமரி’ இன்னொரு மாறியை, ஆர்ஜிபி என்று முடிவதை, கேட்கும். இதற்கு ஒரு அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். சாம்பல் எழுத்தெல்லாம் கறுப்புப் பக்கம் இழுபடட்டும். மத்தியான வெயிலில் வயல் வரம்பில் நின்று பார்க்கிறவருக்கு மெல்லிய சாம்பல் தெரியாது.

விலையைக் கார்டுக்குள் நேராக எழுதினால் அடுத்த மாதம் மாற்றுகிறவர் டிவ்வை உடைப்பார். பெயர், அளவு, விலை, படப்பெயர் நாலையும் ஒரு சிறு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் பட்டியலாக வைத்து, பத்து வரி ஸ்கிரிப்ட்டால் கார்டுகளை உருவாக்குங்கள். ஜேசன் என்ற தரவுக் கோப்பாக வைத்து ‘ஃபெட்ச்’ செய்தால் சர்வரில் ஓடும், லப்டொப்பில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் பிரவுசர் தடுத்துவிடும். அதனால்தான் ஸ்கிரிப்ட் கோப்பு. மாற்றுகிறவருக்கு ஒரே விதி: மேற்கோள் குறியையும் காற்புள்ளியையும் தொடாதே.

படம்

போனில் எடுத்த படம் ஒன்று 3 மெகாபைட் என்றால் பதினொன்றும் 33. நொடிக்கு 4 மெகாபிட் வருகிற இணைப்பில் அது 66 விநாடி. கார்ட் படம் 600 பிக்சல் அகலத்துக்கு மேல் தேவையில்லை. ஸ்கூஷ் என்ற இலவசப் படச் சுருக்கியில் போட்டு அகலத்தைக் குறைத்து வெப்பி வடிவில் 75 தரத்தில் எடுத்தால், ஒன்று 100 கிலோபைட்டுக்குள் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் எல்லாம் சேர்த்து இரண்டு விநாடிச் சொச்சம். இமேஜ் வரியில் அகலம், உயரம் இரண்டையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் படம் வரவரப் பக்கம் துள்ளும். முதல் நாலைத் தவிர மற்றவற்றுக்கு ‘லோடிங்=லேசி’.

தூள் வகையைப் பொதியோடு எடுத்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். சுளகிலோ வாழையிலையிலோ கொட்டி, காலை வெளிச்சத்தில் திண்ணையில் வைத்து எடுத்தால் நிறம் சரியாக விழும்.

ஓடர் பட்டனும் இணைப்பின் முகமும்

டெம்ப்ளேட்டில் உள்ள தொடர்புப் படிவம் வெறும் எச்டிஎம்எல். ஏஜென்சியில் அது வெளியார் சேவையொன்றின் குறியீடு இல்லாமல் எதையும் அனுப்பாது. அதைத் தூக்கிவிட்டு வட்ஸ்அப்பின் குறும் இணைப்பை வையுங்கள். இலக்கம் 94இல் தொடங்க வேண்டும், கூட்டல் குறியும் வேண்டாம், 077இன் முன் சுழியமும் வேண்டாம். சுழியத்தோடு போட்டால் இலக்கம் செல்லாது என்று வரும். டெக்ஸ்ட் பகுதியில் பொருளின் பெயரை ஸ்கிரிப்ட் தானாகப் போடட்டும்: ‘குரக்கன் மா 500 கிராம், எத்தனை பொதி:’ என்று முடிந்தால் வாங்குகிறவர் எண்ணை மட்டும் அடிப்பார். தமிழ் எழுத்தை ‘என்கோட் யூஆர்ஐ கொம்போனன்ட்’ வழியாக அனுப்புங்கள். அழைப்புப் பட்டனும் ஒன்று இருக்கட்டும், அதற்குக் கூட்டல் 94 சரி.

வரைபடத்தை ஐஃப்ரேமாக ஏற்றாமல் இணைப்பாக வைத்தாலே போதும். முகவரியை மனிதர் சொல்கிறபடி எழுதுங்கள்: பரந்தன் சந்தியில் இருந்து முல்லைத்தீவு வீதியால் எவ்வளவு தூரம், எந்த வாய்க்கால் தாண்டி, எந்தக் கோயிலடி.

இந்தத் தளம் பரவப்போவது வட்ஸ்அப் குழுக்களில். இணைப்பை ஒட்டியதும் படமும் பெயரும் வர ஓபன் கிராஃப் வரிகள் வேண்டும்: தலைப்பு, ஒரு வரி விளக்கம், படம். படத்தின் முகவரி முழு முகவரியாக இருக்க வேண்டும், ஃபோல்டர் பெயரில் தொடங்கினால் வராது. 1200க்கு 630 ஜேபெக், 300 கிலோபைட்டுக்குள். கோப்புப் பெயர்களும் உள்ளிணைப்புப் பெயர்களும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் மூன்று பைட், முகவரியில் அது ஒன்பது எழுத்தாக விரியும். ‘பொருட்கள்’ என்று வைத்தால் ஒன்பது குறியீடும் சேர்ந்து எண்பத்தொரு குறியாக நீண்டு குழுவில் விழும்.

ஏற்றும்போது

ஃபோல்டரை அப்படியே இழுத்துவிட்டால் ஏறுகிற இலவச இடங்கள் உண்டு, நெட்லிஃபை அதில் ஒன்று. கிட்ஹப் பேஜஸும் இலவசம், ஆனால் வணிகம் நடத்த அல்ல என்று அதன் விதி சொல்கிறது. பொருள் விற்கிற தளத்துக்கு அதைத் தவிருங்கள்.

லப்டொப்பில் தெரிந்த படம் ஏற்றினதும் காணாமல் போனால் பெயரைப் பாருங்கள். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று, சர்வருக்கு வேறு வேறு. போன் தருகிற படப்பெயர் பெரிய எழுத்தில் முடியும். எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கி, இடைவெளிக்குப் பதில் சிறுகோடு போடுங்கள். விலையை மாற்றியும் பழையதே தெரிந்தால் அது கேஷ் (பிரவுசர் சேமித்துவைத்த பழைய பிரதி); ஸ்கிரிப்ட் இணைப்பின் கடைசியில் கேள்விக்குறி போட்டு ‘வி=2’, அடுத்த முறை ‘வி=3’.

சொந்த முகவரிக்கு டொட் எல்கே எடுக்கலாம். ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடிகிற முகவரியும் இருக்கிறது, ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பொதியில் அச்சடித்ததைப் பார்த்து ஆங்கில விசைப்பலகையில் அடிக்கப்போகிறவர்களை நினைத்து எல்கேயை முதன்மையாக வைத்து, தமிழ் முகவரியை அதற்குத் திருப்பிவிடுங்கள்.

லேபிளில் கியூஆர் போடுவது கடைசி வேலை, முகவரி கைக்கு வந்த பிறகு. இலவச முகவரியில் கியூஆர் எடுத்து ஆயிரம் லேபிள் அச்சடித்துவிட்டுப் பிறகு டொட் எல்கேக்கு மாறினால் அந்த ஆயிரமும் பழைய முகவரியையே காட்டும். கியூஆரை ‘டைனமிக்’ என்று தருகிற தளங்களில் எடுக்க வேண்டாம். அவை தங்கள் முகவரி வழியாகத் திருப்புகின்றன, இலவசக் காலம் முடிந்ததும் உங்கள் பொதியில் அவர்களுடைய பணம் கட்டு என்ற பக்கம் திறக்கும். முகவரியே நேராகப் பதிந்த சாதாரண கியூஆர், ஒரு பக்கம் 2 சென்ரிமீற்றருக்குக் குறையாமல், வெள்ளைப் பின்னணியில் கறுப்பு, சுற்றிவர வெறும் ஓரம். மிளகாய்த்தூள் பொதியின் சிவப்பு தெரிகிற கண்ணாடிப் பகுதியில் நேராக அச்சடித்தால் போன் பிடிக்காது. ஒரு லேபிளை மட்டும் அச்சடித்து, தூள் நிரப்பி மடிப்பு விழுந்த பொதியில் ஒட்டி, இரண்டு மூன்று பழைய போன்களால் பிடித்துப் பார்த்த பிறகு மீதியை அச்சகத்துக்குக் கொடுங்கள்.